பின்வளையம் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய்

கண்ணு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்து சேர்ந்தது. மிளகு மூட்டையோடு மலையிறங்கிய நம் ஊர்க்காரர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, "டீச்சரம்மா, உங்க பையன் குடுத்து உட்டானுங்க" என்று நீட்டினார். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீராவது குடியுங்கள் என்றேன். "இல்லீங்க, பொழுதோட மலையேறோணும்" என்று திரும்பிப் போய்விட்டார். நீ எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. உன் மனைவிக்குக் காய்ச்சல் விட்டது, மேல்காட்டில் பன்றி இறங்குகிறது, பொங்கல் கழிந்து நடக்கும் ஊர் வேட்டைக்கு இந்த வருஷம் நீயும் போகிறாய். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறாய்: அப்பா துப்பாக்கியில் வார் மாட்டும் பின்வளையம் ஆடுகிறது, சித்தப்பா தேங்காய் நாரைச் சுற்றித் திருகி விட்டால் போதும் என்கிறார். அந்த ஓரத்து வரியைப் படித்த பிறகு மற்றவை எனக்குக் கண்ணில் படவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நான் பேசத் தெரியாதவள். உனக்கே தெரியும். உன் அப்பா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். பெண்கள் விடுதியில் பாத்திரம் கழுவினேன், அங்கேயே எழுத்துப் படித்தேன், பிறகு பள்ளி, பிறகு கல்லூரி. நம் கூட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று இங்கே உள்ளவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காது சுடும். பட்டம் வாங்க மேடையேறிய அன்றுகூட எதிரே இருந்த யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பேசாதவர்களுக்குப் பார்ப்பது பழகிவிடுகிறது. யார் எதைக் கையில் எப்படிப் பிடிக்கிறார்கள், எதைச் சொல்லவந்து விழுங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். உன் கல்யாணத்திலும் அப்படித்தான் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மேலே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ அப்பாவின் காடு வேண்டும் என்றாய். தடுக்கவில்லை. ஆனால் தாலி கட்டி முடிந்ததும் உன் சித்தப்பா உள்ளே போய், துணி சுற்றிய துப்பாக்கியைக் கொண்டுவந்து உன் இரண்டு கையிலும் கிடத்தினாரே, அப்போது எழுந்துவிடப் பார்த்தேன். அவர் நேராக என்னிடம் வந்தார். "அண்ணி, குடுத்துட்டனுங்க. இனி என் தோள்ல ஒண்ணுமில்லீங்க" என்றார். சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டுதான் சொன்னார். கையை மட்டும் வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உன் அப்பா எப்படிப் போனார் என்று உனக்கு ஊர் சொல்லியிருக்கும். சாமி எல்லைக்குள் தோலைக் கொண்டுபோனார், சாமி கொண்டுபோய்விட்டது என்று. நானும் உன்னிடம் அதை மறுத்துப் பேசியதில்லை. மறுத்தால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும், அப்போது நீ சின்னப்பிள்ளை. இப்போது அதே துப்பாக்கி உன் தோளில் ஏறப் போகிறது. அதனால் சொல்கிறேன். நிதானமாகப் படி.

எனக்குக் கல்யாணம் ஆனபோது என் அப்பா மாப்பிள்ளைக்குத் துப்பாக்கியைத் தோளில் மாட்ட ஒரு தோல் வார் கொடுத்தார். நம் மலையிலுள்ள குண்டூர் நாட்டிலிருந்து கீழே இறங்கி, நாமக்கல்லில் சொல்லித் தைத்து வாங்கி வந்தது. நல்ல கனம், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். நம் ஊரில் மற்ற ஆண்கள் எல்லாரும் நார்க் கயிறுதான் கட்டியிருந்தார்கள். உன் அப்பாவுக்கு அந்த வாரின்மேல் அப்படி ஒரு பிரியம். எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார். என்னை ஒரு வார்த்தை புகழ்ந்தவரில்லை. வாரைத் தடவிக்கொண்டே, "உங்கய்யன் கெட்டிக்காரரு" என்பார். அதை எனக்குச் சொன்னதாக நான் வைத்துக்கொள்வேன்.

சாமி எல்லை எங்கே என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். ஓடை தாண்டி, இரண்டு பெரிய பாறைக்கு நடுவில் வழி போகிறதே, அதுதான். அதற்கு அப்பால் தோல் போகக் கூடாது. நம் மேல்காடும் வேட்டைக்காடும் அதற்கு அப்பால்தான். அதனால் உன் அப்பா போகும்போதெல்லாம் பாறையடியில் நின்று வாரைக் கழற்றுவார், வரும்போது மாட்டுவார். முன்பக்கம் வார் வெறும் முடிச்சுதான், இழுத்தால் அவிழும். பின்பக்கம் வளையத்தோடு சேர்த்துத் தைத்திருந்தது. அதனால் வளையத்தையே அதன் மரையாணியோடு துப்பாக்கியின் அடிக்கட்டையிலிருந்து திருகிக் கழற்ற வேண்டும். கத்தி முனையை வளையத்துக்குள் கொடுத்துச் சுற்றுவார். அடிக்கட்டை மரம்தானே. ஒரு மரையாணியை மரத்தில் ஒருதரம் ஏற்றினால் அது தனக்கு வேண்டிய வரியைத் தானே வெட்டிக்கொண்டு உட்காரும். ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கினால் அந்த வரிகள் தூளாகி உதிர்ந்துவிடும். பிறகு ஆணியும் இருக்கும், துளையும் இருக்கும், பிடிமானம் இருக்காது. பயிர்க் காவல் காலத்தில் தினமும் போக ஒருதரம், வர ஒருதரம். வளையம் நழுவ ஆரம்பித்ததும் தீக்குச்சியைப் பிளந்து துளைக்குள் செருகினார். அது பொடிந்ததும் தேன்மெழுகை உருட்டி வைத்தார். பாறையடியில் அவர் ஊதும்போது துளையிலிருந்து மரத்தூள் பறப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் வேட்டை அன்று பெண்கள் எல்லைப் பாறைக்கு இந்தப் பக்கம் கஞ்சிப் பானையோடு காத்திருப்போம். இப்போதும் அப்படித்தான் என்று உன் மனைவி சொன்னாள். அன்று காலையில் அவர் வாரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாள் முழுவதும் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏன்டி, புருசன மடியில வெக்க முடியாம அவன் வாரை வெச்சிருக்கியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. வாரைச் சுருட்டி முந்தானைக்குள் மறைத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

பொழுது சாயும் முன்பே ஆண்கள் திரும்பினார்கள். ஒரு பன்றி விழுந்திருந்தது, உன் அப்பா சுட்டதல்ல. அவர் துப்பாக்கி வெடிமருந்து கெட்டித்தபடியே இருந்தது. மருந்து கிடைப்பது அரிது, சும்மா சுட்டு வீணாக்க யாருக்கும் மனம் வராது. வழியில் ஏதாவது குறுக்கே வந்தால் என்று, குதிரைக்கு அடியில் வைக்கும் வெடிமூடியான கேப்பைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். அன்றைக்கு எல்லார் தோளிலும் அப்படித்தான் தொங்கியது. பாறை தாண்டி வந்ததும் உன் அப்பா கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். வாரை என்னிடமிருந்து வாங்கியது உன் சித்தப்பா. அப்போது அவர் கல்யாணமாகாத இளவட்டம், அண்ணன் வேலை எதுவாக இருந்தாலும் முந்திக்கொண்டு செய்வார். வளையத்தைத் துளையில் வைத்துத் திருகினார். ஒரு சுற்றுக்குக் கடித்தது, அடுத்த சுற்றுக்கு வழுக்கியது. வாயிலிருந்த வெற்றிலைக் காம்பைக் கிள்ளித் துளைக்குள் வைத்துத் திரும்பவும் திருகினார். "அண்ணா, இத ஆசாரிகிட்டக் குடுத்து ஒரு வழி பண்ணோணும். கெழவி பல்லாட்டம் ஆடுது" என்றார். உன் அப்பா கஞ்சியிலிருந்து முகத்தை எடுக்காமல், "மொதல்ல உனக்கொரு பொண்ணப் பாத்து முடிப்போம்டா. ஆணியெல்லாம் அப்பறம்" என்றார். பெண்கள் திரும்பவும் சிரித்தார்கள். இந்தத் தடவை உன் சித்தப்பாவைப் பார்த்து.

பிறகு எல்லாரும் இறங்கினோம். ஓடைப் பக்கம் வழுக்குப்பாறை. இரண்டு கையும் ஊன்றித்தான் இறங்க முடியும். உன் அப்பா முன்னால், துப்பாக்கி தோளில், குழல்வாய் மேலே பார்த்தபடி. பாறையில் பாதி இறங்கி உன்னை வாங்கிக்கொள்வதற்காக என் பக்கம் கை நீட்டினார். நீட்டிய அசைவில் பின்வளையம் கட்டையை விட்டு வந்துவிட்டது. நான் பார்த்தேன். வார் தளர்ந்தது. துப்பாக்கி அவர் விலாவோடு சரிந்து இறங்கியது. துப்பாக்கிக் குதிரை பாறையில் இடித்தது. சத்தம் கேட்டபோது நீ என் கையிலிருந்தாய், அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மறுநாள் ஊர் கூடியது. எல்லைக்குள் தோல் போயிருக்கிறது என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். பெண் வீட்டுத் தோல் குடித்துவிட்டது என்று என் காதில் விழும்படி ஒரு குரல் வந்தது. நான் அதுவரை ஆண்கள் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். "வாரு அங்க போவலீங்க. காலையிலிருந்து என் மடியிலதான் கெடந்துச்சுங்க. ஆணி கழண்டு போச்சுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஊர்க் கவுண்டர் கெட்டவர் அல்ல, இரக்கத்தோடுதான் பார்த்தார். "சாமி, நீ பச்சப்புள்ள. புருசனுக்குப் பேசாம யாருக்குப் பேசுவ? போ, உள்ள போ" என்றார். பின்னாலிருந்து யாரோ, "அழுவுற நேரத்துல ஆணியப் பத்திப் பேசுது பாரு" என்றார்கள். மடியில் வாரைப் பார்த்துச் சிரித்த பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அங்கே இருந்தவர்களில் ஆணியைப் பற்றி நான் சொன்னது உண்மை என்று தெரிந்த ஒரே ஒருவர் உன் சித்தப்பா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து சாட்சி சொன்னால் அடுத்த கேள்வி, ஆணியை மாட்டியது யார் என்பதுதான். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் தோன்றவில்லை. கிடாய் வெட்டித் துப்பாக்கியைச் சுத்தம் செய்தார்கள். தோல் வாரை வெட்டி எடுத்துப் புதைத்தார்கள். வளையத்தை மட்டும் உன் சித்தப்பா அதே துளையில் திரும்ப வைத்து, பருத்தி நாடா கட்டி, துணி சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார்.

சாமி குற்றம் என்று தீர்ப்பானதால் மரத்தை யாரும் பார்க்கவில்லை, கண்ணு. தோல் போய்விட்டது, இனி என்ன பயம் என்று இருந்துவிட்டார்கள். ஆபத்து வாரில் இருந்ததில்லை, துளையில் இருந்தது. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நீ பருத்தி நாடாவோடு தோளில் மாட்டினாலும் தொங்குவது அந்தத் துளையில்தான். நான் சாமியை எதிர்த்துப் பேசவில்லை. உன் அப்பா அந்தக் கட்டுப்பாட்டை ஒருநாளும் மீறியதில்லை. பெருமைக்காகவோ சோம்பலுக்காகவோ ஒரு தடவையாவது மீறியிருந்தால், எனக்கும் மனது ஒரு மாதிரி ஆறியிருக்கும். தவறாமல் கழற்றி மாட்டியதில்தான் அந்த மரம் தேய்ந்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்க முடிவதில்லை.

உன் சித்தப்பாவின்மேல் கோபப்படாதே. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவர் அந்தத் துப்பாக்கியை எப்போதாவது தோளில் மாட்டி நீ பார்த்திருக்கிறாயா? உன்னை விடுமுறைக்கு அனுப்பும்போதெல்லாம் நானும் வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன். கையில்தான் எடுத்துப் போவார். வழுக்குப்பாறையிலும் ஒரு கையில் அதைப் பிடித்து, மறுகையை ஊன்றி, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். பக்தி என்று ஊரார் சொல்கிறார்கள். தோல்தான் காரணம் என்று அவர் மனதார நம்பியிருந்தால் நாடாவைத் தோளில் போட்டிருப்பார். நாரைச் சுற்றினால் போதும் என்று அவர் சொல்வது அலட்சியத்தால் அல்ல. அந்த ஆணியை யாராவது கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பதை அவரால் தாங்க முடியாது. ஆனால் நீ இளைஞன், தோளில்தான் மாட்டுவாய், இரண்டு கையும் ஊன்றித்தான் இறங்குவாய்.

இங்கே துப்பாக்கி பழுது பார்க்கும் ஆசாரி ஒருவரிடம் இன்று காலை போனேன். பட்டறையில் ஆண்கள் நிறைய இருந்தார்கள். கூட்டம் கலையும்வரை எதிர்ச் சாரியில் இருந்த வளையல் கடையில் வாங்காமல் விலை கேட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "டீச்சரம்மா, வளையலா, கடையா, எது வேணும்?" என்று கேட்டுவிட்டார். பிறகுதான் போய் ஆசாரியிடம் சொன்னேன். ஒற்றை ஆணி வளையமே வேண்டாம் என்றார். நீள இரும்புத் தகட்டில் வளையத்தைக் கோத்து, தகட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மரையாணி வைத்துக் கொடுத்தார். பழைய துளையை அடைக்க ஈட்டிமரத்தில் ஒரு முளை சீவித் தந்தார். முளையை வச்சிரம் காய்ச்சி ஊற்றி ஒட்டச் சொன்னார். சரி என்று வாங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வச்சிரம் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. அதை மரத்துக்குள் வைத்து நீ எல்லை தாண்டினால், யாருக்கும் தெரியாது, உனக்கும் எனக்கும் தெரியும். திரும்பிப் போய் அரக்கு கேட்டேன். ஆசாரி ஒரு மாதிரி பார்த்தார், "வேட்டைத் துப்பாக்கிக்கு இவ்வளவு மடி ஆசாரமா?" என்றார். அரக்கு கொடுத்தார். அதனால் சித்தப்பாவிடம் தயங்காமல் சொல்லலாம், உள்ளே தோல் ஒரு பொட்டுக்கூட இல்லை.

செய்யும் முன் கேப்பை எடு. பிறகு மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார். கம்பியில் உன் அப்பா போட்ட கீறல் குழல்வாயோடு சேர்ந்து நின்றால் வெறும் குழல். கீறல் மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம், வேறெதையும் தொடாதே. வெறும் குழல்தான் என்று ஆன பிறகு வளையத்தைக் கழற்று. துளைக்குள் இருக்கும் நார், மெழுகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அரக்கை உருக்கி முளையை இறக்கு. தகட்டை அந்த இடத்தில் வைக்காதே, இரண்டு விரல் முன்னால் தள்ளி, தொடப்படாத மரத்தில் வை. ஆணியைவிடச் சன்னமான துளை போடு. ஆணியில் கொஞ்சம் மெழுகு தேய்த்துத் திருகு, அடித்து இறக்காதே. இறுகியதும் நிறுத்திவிடு, அதற்கு மேல் ஒரு சுற்று முறுக்கினால் நீயே வரிகளை உடைத்துவிடுவாய். முடிந்ததும் வளையத்தில் கயிறு கட்டி, உன் முழுப் பலத்தோடு இழுத்துப் பார். பிறகு அதை ஒருநாளும் கழற்றாதே. வேட்டை முடிந்து பாறையடிக்கு வரும்போது, யார் சிரித்தாலும், கேப்பை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு பிறகு இறங்கு. உன் மனைவி கஞ்சியோடு அங்கே நிற்பாள். அவளும் பேசாத பெண். ஏதாவது ஒன்று சரியில்லை என்று அவள் முகம் சொன்னால், வேட்டைக்குப் போன ஆண்கள் முன்னால் என்றாலும் நின்று கேள். அவளை உள்ளே போ என்று சொல்லாதே.

தகடும் ஆணியும் முளையும் அரக்கும் ஒரு பொட்டலமாக இந்தக் கடிதத்தோடு வருகின்றன. இதை நீ உனக்கு மட்டும் படித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் இன்னும் எத்தனையோ துப்பாக்கிகள் பழைய துளைகளில் தொங்குகின்றன, கேட்பவர்களுக்குப் படித்துக் காட்டு. ஆனால் முதலில் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிடு. வேலையை அவருக்குத் தெரியாமல் முடித்துவிடாதே. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்க வளையத்தை எடு. வேண்டாம் என்பார், எழுந்து போகப் பார்ப்பார், விடாதே. துளையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, அவர் சுண்டுவிரலைப் பிடித்து அதற்குள் வை. உள்ளே ஒரு வரிகூட இல்லை, கண்ணு, மழமழவென்று இருக்கும். இத்தனை வருஷமாக, இன்னும் ஒரு சுற்று முறுக்கியிருந்தால் அண்ணன் இருந்திருப்பானே என்று அவர் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கை எவ்வளவு முறுக்கியிருந்தாலும் அந்த மரம் பிடித்திருக்காது என்பதை அவர் விரலே அவருக்குச் சொல்லட்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம். அவர் அழுதால் எழுந்து வெளியே போய்விடாதே. பக்கத்திலேயே இரு.

பதிலை அவசரமாக அனுப்ப வேண்டாம். வேலை முடிந்த பிறகு எழுது.

உன் அம்மா